'தெரியாது' என்றார் உள்துறை மந்திரி

அவசரநிலைக் காலத்தில் கேரளத்தின் காவல் துறை கே. கருணாகரன் கையில் இருந்தது. ஒரு மாணவனைக் காணவில்லை என்ற வழக்கு அவரை முதல்வர் நாற்காலியிலிருந்து ஒரே மாதத்தில் இறக்கியது. ஆனால் அரசியலிலிருந்து அகற்றவில்லை.

கழக்கூட்டம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது டெக்னோபார்க். 1990-ல் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அதற்கும் முன்பே, 1962 முதல், அங்கே சைனிக் பள்ளி இருக்கிறது. திருவனந்தபுரத்தின் வடக்கு விளிம்பில் உள்ள இந்த ஊருக்கு அரசியலிலும் ஓர் இடம் உண்டு. 1977 மார்ச் தேர்தலில் கழக்கூட்டம் வாக்காளர்கள் தலேக்குன்னில் பஷீர் என்ற காங்கிரஸ் வேட்பாளரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். சில மாதங்களுக்குள் அவர் ராஜினாமா செய்தார். வேறொருவருக்குத் தொகுதி தேவைப்பட்டதுதான் காரணம். அந்த வேறொருவர் ஏ.கே. அந்தோணி. வயது 36. சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலேயே ஏப்ரல் 27-ம் தேதி முதல்வராகப் பதவியேற்றிருந்தார். அரசியல் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் அவர் எங்கிருந்தாவது ஜெயித்து வர வேண்டும். இடைத்தேர்தலில் கழக்கூட்டம் அவரை ஜெயிக்க வைத்தது. பஷீரைக் கட்சி மாநிலங்களவைக்கு அனுப்பியது.

இவ்வளவும் எதற்காக நடந்தது? தேர்தலில் அமோகமாக வென்று மார்ச் 25-ம் தேதி முதல்வரான கே. கருணாகரன் சரியாக ஒரு மாதத்தில் பதவி விலக வேண்டி வந்ததால். அவர் ஏன் விலகினார்? ஓய்வுபெற்ற ஹிந்திப் பேராசிரியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டதால்: என் மகன் எங்கே?

காவல் துறையை வைத்திருந்தவர்

1918-ல் கண்ணூரை அடுத்த சிறக்கலில் பிறந்த கருணாகரன் ஓவியம் படிக்கத் திருச்சூருக்குப் போனவர். தூரிகையைவிடத் தொழிற்சங்கம் அவரை அதிகம் இழுத்தது. கம்யூனிஸ்டுகள் வலுவாக இருந்த தொழிலாளர் களத்தில் காங்கிரஸுக்கு ஆள் சேர்த்தார். 1967 தேர்தலில் கேரள காங்கிரஸ் ஒன்பது இடங்களுக்குச் சுருங்கியது. அந்த ஒன்பது பேருக்குத் தலைவரானவர் மாள தொகுதியிலிருந்து வந்த கருணாகரன். கட்சிக்காரர்கள் அவரை 'லீடர்' என்றே அழைத்தார்கள். மலையாள மாதப் பிறப்பன்று தவறாமல் குருவாயூர் போகும் பக்தர். எதிரியையும் தோளில் கைபோட்டுப் பேசும் சாமர்த்தியசாலி.

1971 செப்டம்பரில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சி. அச்சுத மேனன் தலைமையிலான அமைச்சரவையில் காங்கிரஸ் சேர்ந்தது. கருணாகரனுக்கு உள்துறை கிடைத்தது. 1977 மார்ச் வரை அதை அவர் விடவில்லை.

அந்த அமைச்சரவைக்கு இன்றும் நல்ல பெயர் உண்டு. நிலச் சீர்திருத்தத்தைச் செயல்படுத்தியது, எம்.என். கோவிந்தன் நாயரின் லட்சம் வீடு திட்டம், கெல்ட்ரான், வளர்ச்சி ஆய்வு மையம் என்று பட்டியல் நீளும். மக்களாட்சியில் நம்பிக்கை கொண்ட, படித்த, கைசுத்தமான மனிதர் என்று அச்சுத மேனனை அரசியல் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தபோது இந்த அமைச்சரவைதான் அதைக் கேரளத்தில் நடத்தியது. அந்த ஆண்டோடு முடிய வேண்டிய சட்டமன்றத்தின் ஆயுள் மூன்று முறை நீட்டிக்கப்பட்டது.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். இங்கே 1976 ஜனவரி 31-ம் தேதி தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் ஆட்சியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. ஆனால் அந்த நாட்களில் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் ஆளில்லை, பதில் சொல்லவும் அமைச்சரில்லை. கேரளத்தில் அப்படியல்ல. சட்டமன்றம் இருந்தது, முதல்வர் இருந்தார், உள்துறை அமைச்சரின் வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. கதவைத் தட்டலாம். தட்டினார் ஒரு தந்தை.

கக்கயம்

1976 பிப்ரவரி 28-ம் தேதி கோழிக்கோடு மாவட்டத்தின் காயண்ணா காவல் நிலையத்தை நக்ஸலைட்டுகள் தாக்கினார்கள். அடுத்த சில மணி நேரத்தில் தேடுதல் வேட்டை ஆரம்பமாயிற்று. மலைப்பகுதியான கக்கயத்தில் போலீஸ் முகாம் அமைந்தது. குற்றப் பிரிவு டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் அதற்குத் தலைமை வகித்தார்.

மார்ச் 1-ம் தேதி அதிகாலை, சாத்தமங்கலத்தில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் பி. ராஜன், ஃபரூக் கல்லூரிக் கலைவிழாவுக்குப் போய்விட்டு நண்பர்களோடு திரும்பி வந்தார். நன்றாகப் பாடக்கூடியவர். விடுதி வாசலில் போலீஸ் காத்திருந்தது. அவரையும் ஜோசப் சாலி என்ற மாணவரையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்.

கக்கயத்தில் நடந்ததை அங்கிருந்து உயிரோடு திரும்பியவர்கள் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்கள். பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டி, தொடைமீது கனமான உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவது. அதற்கு மலையாளத்தில் 'உருட்டல்' என்று பெயர். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் இணை தேடுவார்கள். இங்கே அந்தச் சிரமம் இல்லை. உலக்கை, உருட்டல் இரண்டும் நம் சொற்கள்தான். நெல் குத்தும் உலக்கையும், குழந்தை உருட்டி விளையாடும் விளையாட்டும் இப்படிச் சேரும் என்று நம் மொழிகள் எதிர்பார்த்திருக்காது.

கல்லூரி முதல்வர் பகாவுதீன் மாணவனின் தந்தைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினார்: உங்கள் மகனைப் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது. அவசரநிலைக் காலத்தில் இப்படி ஒரு கடிதத்தை ஓர் அரசுக் கல்லூரி முதல்வர் தன் கையெழுத்தோடு அனுப்புவது சாதாரணமல்ல. பின்னாளில் வழக்கு நின்றது இத்தகைய காகிதங்களின் பலத்தில்தான்.

ஒரு தந்தையின் சுற்று

தந்தை டி.வி. ஈச்சர வாரியர் கோழிக்கோடு அரசுக் கல்லூரியில் ஹிந்தி கற்பித்து ஓய்வு பெற்றவர். மார்ச் 10-ம் தேதி அவர் திருவனந்தபுரத்தில் உள்துறை அமைச்சர் கருணாகரனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் என்ன பேசப்பட்டது என்பதில்தான் பின்னால் வழக்கே சுழன்றது. உங்கள் மகன் தீவிரமான விவகாரம் ஒன்றில் சிக்கியிருக்கிறான், என்னால் ஆனதைச் செய்கிறேன் என்ற பொருளில் அமைச்சர் பேசினார் என்றார் வாரியர். அப்படிச் சொல்லவில்லை என்றார் கருணாகரன்.

வாரியர் முதல்வர் அச்சுத மேனனிடம் போனார். உள்துறைச் செயலாளருக்கு எழுதினார். குடியரசுத் தலைவருக்கும் மத்திய உள்துறை அமைச்சருக்கும் கேரளத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதினார். சிறைச்சாலைகளின் வாசல்களில் நின்று விசாரித்தார். எங்கும் பதில் இல்லை. வீட்டில் மகனுக்காகக் காத்திருந்த மனைவி ராதாவிடம் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. மகன் வருவான் என்ற நம்பிக்கையோடுதான் அந்தத் தாய் 2000-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். 1976 ஏப்ரல் 28-ம் தேதி, ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், அவசரநிலை நீடிக்கும் வரை சிறைவைப்பை எதிர்த்து யாரும் ஆட்கொணர்வு மனுவோடு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அதன் விலையாக 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு ஒதுக்கியது 2017-ல்தான், அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில்.

ஆக, கதவு திறந்திருந்த அமைச்சரிடம் பதில் இல்லை. பதில் வாங்கித் தரக்கூடிய நீதிமன்றத்தின் கதவு மூடியிருந்தது.

இருபதுக்கு இருபது

1977 மார்ச்சில் வட இந்தியா இந்திரா காந்தியை வீட்டுக்கு அனுப்பியது. ரேபரேலியில் அவரே தோற்றார். கேரளமோ இருபது மக்களவைத் தொகுதிகளையும் ஆளும் கூட்டணிக்கே தந்தது. சட்டமன்றத்தில் 140-க்கு 111. பத்திரிகைத் தணிக்கை காரணமா, நேரத்துக்கு வந்த பேருந்துகளும் அமைதியான அலுவலகங்களும் காரணமா, கூட்டணிக் கணக்கு காரணமா என்று இன்றும் விவாதம் உண்டு. எப்படியானாலும் அவசரநிலையைக் கேரளத்தில் நடத்திய உள்துறை அமைச்சருக்கு மக்கள் கொடுத்த பரிசு முதல்வர் பதவி.

மார்ச் 21-ம் தேதி அவசரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. நான்காம் நாள், மார்ச் 25, கருணாகரன் முதல்வராகப் பதவியேற்றார். அதே நாளில் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்கு ஈச்சர வாரியரின் ஆட்கொணர்வு மனு வந்து சேர்ந்தது. அவசரநிலைக்குப் பிந்தைய கேரளத்தின் முதல் பெரிய வழக்கு அது. வாரியருக்காக மூத்த வழக்கறிஞர் எஸ். ஈஸ்வர ஐயர் வாதாடினார்.

நீதிபதிகள் பி. சுப்பிரமணியன் போற்றியும் வி. காலிதும் விசாரித்தார்கள். எதிர் மனுதாரர்களின் வரிசையில் கருணாகரன், போலீஸ் ஐ.ஜி. வி.என். ராஜன், ஜெயராம் படிக்கல், கோழிக்கோடு எஸ்.பி. கே. லட்சுமணா ஆகியோர் இருந்தார்கள். ராஜன் என்ற மாணவரைக் கைது செய்யவே இல்லை என்பதுதான் அரசுத் தரப்பின் பிரமாணப் பத்திரங்களின் சாரம். எதிர்ப்பக்கத்தில் கல்லூரி முதல்வர், சக மாணவர்கள், கக்கயத்தில் அடைபட்டிருந்தவர்கள் வந்து நின்றார்கள்.

ஏப்ரல் 13-ம் தேதி தீர்ப்பு. ராஜன் போலீஸ் காவலில் இருந்தது உண்மை. ஆகவே அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துங்கள். கொடுத்த கெடு ஏப்ரல் 21.

'ஆட்கொணர்வு' என்பது எவ்வளவு நேரான சொல் என்பது அந்த எட்டு நாட்களில் புரிந்தது. ஆளைக் கொண்டு வா. விளக்கம் வேண்டாம், அறிக்கை வேண்டாம், ஆள் வேண்டும். ஆள் இல்லை. ஏப்ரல் 25-ம் தேதி கருணாகரன் ராஜினாமா செய்தார். கழக்கூட்டத்துக்கு இடைத்தேர்தல் வந்த வழி இதுதான்.

மே மாதம் அரசுத் தரப்பு வேறு கதை சொல்லியது. 1976 மார்ச் 2-ம் தேதியே கக்கயத்தில் ராஜன் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது. அதாவது, பிடித்துச் சென்ற மறுநாளே. மார்ச் 10-ம் தேதி தந்தை அமைச்சரின் முன் உட்கார்ந்து மகனுக்காக மன்றாடியபோது மகன் இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறிந்திருந்தாரா?

கருணாகரன் கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: தனக்குத் தெரியாது, போலீஸ் தன்னிடம் சொன்னதை நம்பினேன். பொய்ப் பிரமாணம் செய்ததாக அவர்மீதும் அதிகாரிகள்மீதும் வழக்குத் தொடர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், தடுக்க முடியவில்லை. ஆயினும் அந்த வழக்கில் அவருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ராஜன் இறந்ததைப் பற்றிய குற்றவியல் வழக்கு தமிழ்நாட்டுக்கு வந்தது. கோவை நீதிமன்றத்தில் விசாரணை நடந்து படிக்கல் உள்ளிட்ட சிலர் குறைந்த தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. படிக்கல் பணிக்குத் திரும்பி, பின்னாளில் கேரளக் காவல் துறையின் தலைமைப் பதவிவரை உயர்ந்தார். லட்சுமணாவின் கதை வேறு விதமாக முடிந்தது. 1970-ல் வயநாட்டில் நக்ஸலைட் தலைவர் வர்கீஸைப் பிடித்துச் சுட்டுக் கொன்ற வழக்கில், 2010 அக்டோபரில் சி.பி.ஐ. நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சுட்ட கான்ஸ்டபிளே 1998-ல் உண்மையைச் சொன்னதால் வெளிவந்த வழக்கு அது.

சரி, கருணாகரனுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேள்வி கடினமாகிறது. நான்கரை ஆண்டுகளாகக் காவல் துறையை வைத்திருக்கும் அமைச்சரிடம், கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு ஒரு தந்தை வருகிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளவில்லை என்றால், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்ததாகத்தானே அர்த்தம்? கேள்வி கேட்காத சட்டமன்றம், எழுதாத பத்திரிகை, மனு வாங்காத நீதிமன்றம் என்று எல்லாப் பக்கமும் அடைத்த பிறகு, அமைச்சருக்குத் தெரியாமலிருப்பது மிகச் சௌகரியமான நிலை. சர்வாதிகாரத்தில் அமைச்சராக இருப்பதன் சௌகரியமே அதுதான். எவனையும் அடிக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியதில்லை. எதையும் கேட்காமலிருந்தால் போதும்.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல. 1976 மார்ச் 24-ம் தேதி, ராஜன் இறந்து மூன்று வாரத்தில், அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் 'காணாமற்போனார்கள்.' 1977 ஏப்ரல் 30-ம் தேதி, கருணாகரன் விலகிய ஐந்தாம் நாள், பியூனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள் முதன்முறையாகக் கூடி நின்றார்கள். அங்கே ராணுவ ஆட்சியின் உள்துறை அமைச்சராக இருந்த ஜெனரல் ஹார்கின்டெகி 2012-ல் வீட்டுக்காவலில் இறந்தார். அளவில் இரண்டு நாடுகளையும் ஒப்பிட முடியாது. கேள்வி மட்டும் ஒன்று. அவர்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள், வாரியர் பிள்ளையைக் கேட்டார்.

மறுபடியும் லீடர்

அந்தோணி அதிக நாள் நீடிக்கவில்லை. சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை ஆதரிக்கக் கட்சி எடுத்த முடிவை எதிர்த்து 1978 அக்டோபரில் பதவி விலகினார். கருணாகரன் எழுந்து வந்தார். 1981-ல் சில மாதங்கள், 1982 முதல் 1987 வரை முழுமையாக, 1991 முதல் 1995 வரை என்று மேலும் மூன்று முறை முதல்வரானார். நெடும்பாசேரி விமான நிலையம் அவர் பிடிவாதத்தின் பலன் என்பார்கள். அரசு, வெளிநாட்டு மலையாளிகள் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டிய விமான நிலையம் 1999-ல் திறந்தது.

நான்காவது முறை அவரை இறக்கியதும் ஒரு போலீஸ் வழக்குதான். விண்வெளி விஞ்ஞானி, நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன், 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைதானார். ஐ.ஜி. ஒருவரைக் காப்பாற்றுவதாகக் கருணாகரன்மீது சொந்தக் கட்சியினரே பாய்ந்தார்கள். 1995 மார்ச்சில் அவர் விலக, மறுபடியும் அந்தோணி வந்தார். இம்முறையும் அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. திரூரங்காடியில் ஒரு தொகுதி காலியானது. உளவு வழக்கு பொய் என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

விசித்திரம் பாருங்கள். உண்மையான வழக்கு ஒன்றால் ஒரு முறை, பொய் வழக்கு ஒன்றால் ஒரு முறை அவர் முதல்வர் பதவியை இழந்தார். இரண்டிலும் பலியானவர்கள் போலீஸ் கையில் சிக்கிய சாதாரணக் குடிமக்கள். இரண்டிலும் கட்சிக்காரர்கள் பேசியது அடுத்த முதல்வர் யார் என்பதைப் பற்றி.

1995-ல் நரசிம்ம ராவ் அமைச்சரவையில் தொழில் துறை, 1998-ல் திருவனந்தபுரத்திலிருந்து மக்களவை, 2005-ல் தனிக்கட்சி, பிறகு திரும்பவும் காங்கிரஸ் என்று அவருடைய நீண்ட பயணம் 2010 டிசம்பர் 23-ம் தேதி, 92-வது வயதில் முடிந்தது. கட்சி வேறுபாடின்றி அஞ்சலி செலுத்தினார்கள்.

எஞ்சியது

ஈச்சர வாரியர் 2006 ஏப்ரல் 13-ம் தேதி காலமானார். உயர் நீதிமன்றம் அவருக்கு நியாயம் சொன்ன அதே ஏப்ரல் 13, இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அவர் எழுதிய 'ஒரு அச்சன்டெ ஓர்மக்குறிப்புகள்' தமிழிலும் வந்திருக்கிறது. மகன் வராத வீட்டில் தந்தை காத்திருப்பதைச் சொன்ன ஷாஜி என். கருணின் 'பிறவி' திரைப்படம் 1989-ல் கான் விழாவரை போயிற்று; தந்தையாக நடித்த பிரேம்ஜிக்குத் தேசிய விருது கிடைத்தது. ராஜன் படித்த கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே ஆண்டுதோறும் மாணவர்கள் நடத்தும் 'ராகம்' கலைவிழா, கலைவிழாவிலிருந்து திரும்பி வந்து காணாமற்போன அந்தப் பாடகனின் நினைவில் நடக்கிறது.

தொகுதியை விட்டுக்கொடுத்த தலேக்குன்னில் பஷீர் 2022-ல் மறைந்தார். அந்தோணி மத்தியில் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். கழக்கூட்டத்தில் 1977-ல் ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவசரநிலை என்றால் டில்லி, இந்திரா, சஞ்சய் என்று மட்டும் நினைப்பது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் மாநிலத்தில் அதை நடத்தியவர்கள் நாம் ஓட்டுப் போட்டவர்கள். நம்மோடு கோயிலுக்கு வந்தவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள். அவர்களைக் கொடுங்கோலர்கள் என்று அழைத்தால் பொருந்தாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதவர்கள் என்பதுதான் பொருந்தும்.

போலீஸ் காவலில் இறந்தவரின் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம், எந்த மாநிலமானாலும், உள்துறையை வைத்திருப்பவர் முதலில் சொல்வது 'விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்' என்பது. கேரள உயர் நீதிமன்றம் 1977-ல் அதைவிடச் சிறிய வாக்கியம் ஒன்றைச் சொல்லிக் காட்டியது. ஆளைக் கொண்டு வா. அதற்குப் பதில் சொல்ல முடியாத அரசு, 140-க்கு 111 பேர் வைத்திருந்தும் ஒரு மாதத்தில் தலைவரை இழந்தது.